வெள்ளைக்காரங்க வர்ற நாள்

சன்னலோரமா உக்காரு கண்ணு. புள்ளைக்குக் காத்து வேணுமல்ல. பையக் கீழ வெச்சுக்க, இந்த பஸ்ஸுல ஆரும் தூக்கீட்டுப் போயிர மாட்டாங்க. எங்க, வேலைக்கா? எந்தக் கம்பெனி?

அட, எங்க கம்பெனிதான்! நீலக் கேட்டு, உள்ள அரளிச் செடி வரிசையா நிக்கும், அதுதான? புள்ளைகள விடறதுக்குக் கிரெச்சு இருக்குதுன்னு சொன்னாங்களா? இருக்குது கண்ணு. ஆரு இல்லைன்னது? அதப் பாத்துக்கறதே நான்தான். மாராத்தாள்னு பேரச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. கிரெச்சு ஆயாம்மான்னு கேளு, வாச்மேன்ல இருந்து கட்டிங் மாஸ்டர் வரைக்கும் கை காட்டுவாங்க.

நான் வேலைக்குச் சேந்தப்ப அந்த ரூமு எப்படி இருந்துதோ இன்னைக்கும் அப்படியே இருக்குது. செவுத்துல முயலு, பட்டாம்பூச்சி எல்லாம் பெயிண்ட்டுல வரஞ்சிருக்கும். தொட்டிலு இருக்குது, ஆடற குதிரை இருக்குது, புள்ளைக உள்ள பூந்து வெளையாடற மாதிரி பிளாஸ்டிக்குல ஒரு குட்டி வீடு இருக்குது, செவப்பு ஓடு போட்டு, கதவு சன்னல் வெச்சு. ஒரு பொம்மைக்குக் கையி காலு போனதில்ல. செவுத்துல ஒரு கிறுக்கல் இல்ல. டவுனுக்குள்ள பணங்கட்டிப் புள்ளைகள விடற எடமெல்லாம் போய்ப் பாரு, மூத்திர வாடை மூக்கத் தொளைக்கும். எங்க ரூமுல பினாயில் வாசம் மட்டுந்தான்.

தெனமும் தொறந்திருக்குமான்னா கேக்கற? நல்லாக் கேட்ட போ. தெனமும் தொறந்து விட்டா அது சந்தைக்கடையாட்டம் ஆயிராதா? நாம தெக்கிற பனியன வாங்கறதுக்கு வெளிநாட்டுல இருந்து பையருங்க வருவாங்க பாரு, அவுங்க வர்ற நாளுக்குத்தான் தொறப்போம். பொம்பளைங்க வேலை செய்யற எடத்துல புள்ளைகளுக்குன்னு ஒரு ரூமு இருக்கோணுமாம், சட்டமாம். இருக்குதா, அதுல புள்ளைக இருக்குதான்னு எட்டிப் பாத்து, போட்டோ எடுத்துக்கிட்டுப் போவாங்க. வருசத்துல ஏதோ நாலஞ்சு தடவ. மித்த நாளெல்லாம் பூட்டி வெச்சு நான் பாத்துக்குவேன்.

பூட்டின ரூமுல என்ன வேலைன்னு சிரிக்கற. தூசி விழுகாதா? பஞ்சு பறக்கற எடங் கண்ணு அது. காத்தால தொறந்து கூட்டித் தொடைக்கோணும், பொம்மைகளத் தொடைக்கோணும், மறுபடியும் வேஸ்ட் துணியப் போட்டு மூடி வெக்கோணும். சனிக்கெழம ஆனா பொம்மைகளுக்குத் தண்ணி வாத்து விடுவேன். தல சீவிவிட்டு வரிசையா உக்கார வெப்பேன். எனக்குன்னு வயித்துல ஒண்ணும் தங்கல. எங்கூட்டுக்காரரும் போயிச் சேந்துட்டாரு. அதுகளுக்குத் தல சீவி விட்டாத்தான் அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கும். மித்த நேரம் ஆபீசுக்கு டீ வாங்கியாறது, மாடிப்படி கூட்டறது, அதெல்லாம் இருக்கவே இருக்குது.

இத்தன வருசத்துல ஒருத்தரு என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல. அந்த முனீஸ்வரி வந்துதான் எனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தா. உள்ள மிசினு வரிசையா ஓடற லைன்லதான் அவளும் இருக்கறா. அவ வாயில கேட்டா வேற மாதிரி இருக்கும். அதுக்கு முந்தி நானே சொல்லிப்போடறேன், கேளு.

அவ சிவகாசிப் பக்கத்துக்காரி. கைமடி வேலை. தெச்சு முடிச்ச பனியன மடிக்கறவங்கள அப்படித்தான் சொல்லுவோம். அவ மடிச்சா முனை முனையோட சேந்து நிக்கும், அதுல ஒண்ணும் கொறை சொல்ல மாட்டேன். புருசன் லாரிக்குப் போறவன். எப்ப வருவான், எப்பப் போவான்னு அவனுக்கே தெரியாது. ஒரே பொம்பளப் புள்ள, நிரஞ்சனான்னு. அப்ப மூணு வயசு முடிஞ்சிருக்கும்.

புள்ளைய யாருகிட்ட விடறது? பாலவாடில விட்டா பொழுது சாயறதுக்குள்ள சாத்திப்போடறாங்க. இவளுக்கு எட்டு மணிக்குத்தான் வேலை முடியும். தனியார்ல கேட்டா இவ சம்பளத்துல பாதிய எடுத்து வைய்யின்னாங்களாம். அதனால பாலவாடி விட்டதும் பக்கத்து வூட்டுப் பொண்ணு கூட்டியாந்து, லைன் வூட்டுக்குள்ள விட்டு, டிவியப் போட்டுவிட்டு, வெளிய கொண்டி மாட்டீட்டுப் போயிருவா. புள்ள உள்ளயே கெடக்கும், அம்மாக்காரி வர்ற வரைக்கும். கரண்ட்டு போனா இருட்டுலதான். என்ன பண்றது, அந்த வரிசையில பாதி வூட்டுல அப்படித்தான் இருக்குது.

பையரு வர்ற நாளுக்கு எச்.ஆர். சார் முன்னாடியே சொல்லி விடுவாரு, சின்னப் புள்ளைக வெச்சிருக்கறவங்க கூட்டியாங்கன்னு. முனீஸ்வரியும் கூட்டியாருவா. புள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி கவுனு, டவுசரு போட்டு விடுவோம். அது கம்பெனியோடது, பொறவு கழட்டி வாங்கிக்குவோம். பாலு, பிஸ்கோத்து, வாழப்பழம். மேல ஃபேன் சுத்தும். நிரஞ்சனா முதல்ல வந்தப்ப அந்த செவப்பு ஓட்டு வீட்டப் பாத்துப்போட்டு அப்படியே நின்னுது. உள்ள போலாமான்னு என்னையத்தான் கேட்டுது. எத்தன மரியாதி பாரு. போ சாமின்னேன். உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டு, சன்னல் வழியா என்னையப் பாத்துச் சிரிச்சுது பாரு, அந்தச் சிரிப்பு இன்னும் என்ற கண்ணுக்குள்ளயே இருக்குது.

ஒரு தடவ என்ன ஆச்சுன்னா, வெள்ளைக்காரம்மா ஒண்ணு, கூட தமிழ் பேசற ஆள வெச்சுக்கிட்டு, ஒரு பையங்கிட்டக் கேட்டுப்போட்டுது, தம்பி, இங்க தெனமும் வருவியான்னு. அந்தப் பையன் படக்குன்னு, "இல்ல, இன்னைக்குத்தான் வந்தேன்"னுட்டான். எச்.ஆர். சார் மொகத்துல ஈயாடல. என்னமோ சொல்லிச் சமாளிச்சாரு. அவுங்க போன பொறவு எனக்குத்தான் ஏச்சு, புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்து வெக்கறதில்லையான்னு. அதுல இருந்து நான் மொதல்லயே உக்கார வெச்சுச் சொல்லிப்போடுவேன்: "வாய்மேல வெரல வைய்யி. ஆரு கூப்புட்டாலும், ஆரு என்ன கேட்டாலும், ஆயாம்மா சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா ரூமுல இருக்க முடியாது, வூட்டுக்குத் தாட்டி விட்டுருவேன்." சத்தமில்லாம இருக்கற புள்ளைக்குப் பிஸ்கோத்து சேத்திக் குடுப்பேன். நிரஞ்சனாதான் எல்லாத்துக்கும் மேல. வெரல எடுன்னு சொல்ற வரைக்கும் எடுக்காது. நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போயிட்டு வந்து பாத்தாலும் அப்படியே உக்காந்திருக்கும். அப்படி ஒரு புள்ள.

அந்த ருசி கண்டுக்கிச்சு அது. தெனமும் காத்தால அம்மாக்காரிகிட்ட, "இன்னைக்கு வெள்ளைக்காரங்க வருவாங்களாம்மா?"ன்னு கேக்குமாம். கோயிலுக்குக் கூட்டிப் போனா, வெள்ளைக்காரங்க வரோணும் சாமின்னு கும்புடுமாம். முனீஸ்வரி வந்து சொல்லுவா, லைனே சிரிக்கும். நானும் சிரிச்சிருக்கறேன்.

அப்பறம் ஒரு நாளு நான் ரூமத் தொடச்சிட்டு இருக்கறப்ப வந்து வாசல்ல நின்னா. "அக்கா, சும்மா பூட்டித்தான கெடக்கு. சாயங்காலம் மட்டும் பிள்ளைய இங்கன விடட்டுமா? ஒரு ஓரமா உக்காந்துக்கிடுவா. நீங்க இருக்கச் சொன்னா இருப்பா, ஒங்களுக்கே தெரியும்ல"ன்னா. நான் சொன்னேன், "ஏம்புள்ள, இன்னைக்கு உன்றதுன்னா நாளைக்கு நாப்பது வரும். ஆரு பதில் சொல்றது?"ன்னு. அவ அப்பவும் போகல. "பூட்டின வீட்டுக்குள்ள தனியா கெடந்து, நான் போய்க் கதவத் தொறந்தா மூலையில ஒட்டிக்கிட்டு நிக்காக்கா. பயந்து பயந்து பேச்சே கொறஞ்சு போச்சு"ன்னா. எனக்கும் வெசனமாத்தான் இருந்துது. இல்லைங்கல. ஆனா அப்பத்தான் தரையத் தொடச்சிருந்தேன், அவ செருப்போட ஒரு கால உள்ள வெச்சுட்டா. எனக்குக் கோவம் வந்துபோச்சு. எச்.ஆர். சார்கிட்டக் கேளுன்னு அனுப்பி விட்டுட்டேன். அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா? அதையேதான் சொன்னாரு.

அப்பறம் சித்திரை மாசம். என்ன வெயிலுங்கற, தார் ரோட்டுல செருப்பு ஒட்டும். பையரு ரெண்டு நாளு இருக்கறாங்கன்னு சொல்லிப்போட்டாங்க. மொத நாளு வந்தாங்க, ரூமப் பாத்தாங்க, போட்டோ எடுத்தாங்க. நிரஞ்சனா அந்தக் குட்டி வீட்டுச் சன்னல்ல மொகத்த வெச்சு உக்காந்திருந்துது. அந்த வெள்ளைக்காரம்மா குனிஞ்சு கன்னத்தத் தொட்டுது. ஒரு பேச்சு இல்ல. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துது தெரியுமா?

மத்தியானம் அவுங்க கெளம்பினதும் புள்ளைகள வெளிய வுட்டாச்சு. அம்மாக்காரிங்க வந்து ஆளுக்கொண்ணாக் கூட்டிட்டுப் போனாங்க. மறுநாளைக்கும் வேணுமேன்னு கவுன அன்னைக்குக் கழட்டி வாங்கல. முனீஸ்வரி வர்றதுக்குச் சித்த நேரம் ஆச்சு, சூப்பர்வைசர் விடல. மறுநாளும் அவுங்க வருவாங்கல்ல, நான் அவசர அவசரமா ரூமக் கூட்டி, தொடச்சு, துணியெல்லாம் போட்டு மூடி, ஃபேன நிறுத்தி, என்ற கையாலயே பூட்டினேன். அந்தக் குட்டி வீட்டுக்கும் துணியப் போத்தினேன். உள்ள பாத்தியான்னு நீயும் கேக்காத. எல்லாருந்தான் கேட்டாச்சு. பொம்மை வீட்டுக்குள்ள ஆராச்சும் ஆளு இருக்குதான்னு பாப்பாங்களா?

முனீஸ்வரி வந்து, "பிள்ள எங்கக்கா?"ங்கறா. வெளிய எங்காச்சும் வெளையாடும், போய்ப் பாருன்னேன். பாத்துட்டு வந்தா, இல்லைன்னா. கேட்டுல நின்ன வாச்மேனக் கேட்டா, கூட்டத்துல கவனிக்கலைன்னான். ரோட்டுக்கு ஓடினா. பஸ் ஸ்டாப்புக்கு ஓடினா. வூட்டுக்கு ஓடிப் பாத்துட்டு வந்தா. மறுபடியும் எங்கிட்ட வந்து, "ரூமத் தொறந்து ஒரு தடவ பாப்பமாக்கா"ன்னா. "நானே என்ற கையால பூட்டியிருக்கறேன், உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. தொடச்ச தரை, நாளைக்குக் காத்தால வர்றாங்க. நீ போயி ஓடைப் பக்கம் பாரு"ன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன் கண்ணு. ரூமுல இல்லாத புள்ளைய ரூமுல தேடிட்டு இருந்தா நேரம் போகாதா?

சாயத்தண்ணி ஓடைய ரெண்டு பக்கமும் நடந்து பாத்தாங்க. வாச்மேன் தண்ணித் தொட்டி மூடியத் தூக்கி உள்ள கம்ப விட்டுத் துழாவினான். அவன் கம்ப விடறப்ப அவ தொட்டி ஓரத்துல உக்காந்து தண்ணியவே பாத்துட்டு இருந்தா. அந்த மொகத்த நான் பாக்காம இருந்திருக்கலாம். லைன்ல பாதிப் பேரு மிசின நிறுத்திப்போட்டு வந்துட்டாங்க. ரூமு சன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டு, "நிரஞ்சனா... நிரஞ்சனா..."ன்னு அவ கூப்புட்ட கூப்பாடு இருக்குதே. தொண்டையே போச்சு அவளுக்கு.

பொழுதோட வெளக்குப் போடற நேரத்துக்கு நேரா எங்கிட்ட வந்தா. ஒண்ணுங் கேக்கல. என்ற இடுப்புல சொருகியிருந்த சாவிக்கொத்தப் புடிச்சு ஒரே இழுப்பு. நகம் பட்டுக் கிழிச்சிருச்சு. இங்க பாரு, இன்னும் தழும்பு இருக்குது. இத்தன பேரு முன்னாடி! ஒருத்தராவது ஏம்புள்ள இப்படிப் பண்றயின்னு கேட்டாங்களா? ஒருத்தரும் கேக்கல.

தொறந்தா, உள்ள குப்புன்னு அனலு. அவ பாட்டுக்கு எல்லாத் துணியவும் இழுத்து வீசினா. குட்டி வீட்டுமேல இருந்த துணிய எடுத்தா, உள்ள உக்காந்திருக்குது. முட்டியக் கட்டிக்கிட்டு, வேர்த்துத் தண்ணியா ஊத்துது, மொகமெல்லாம் செவந்து கெடக்குது, வாய்மேல வெரலு. எடுக்கவே இல்ல. ஒண்ணுக்குப் போயிருக்குது பாவம். போயி, கவுனக் கழட்டி அதையத் தொடச்சு, அந்த ஈரக் கவுன மடிச்சு ஓரமா வெச்சிருக்குது. அம்மாக்காரி பனியன மடிப்பாளே, அதே மாதிரி, முனைக்கு முனை. தரையில ஒரு சொட்டு இல்ல கண்ணு. நான் பாத்தேன்.

முனீஸ்வரி வாரி எடுத்து, "அம்மா கூப்பிட்டது கேக்கலையாடி?"ங்கறா. தலைய ஆட்டுது, கேட்டுதுன்னு. "கேட்டா ஏண்டி பேசல?" அது என்னையப் பாக்குது. வெரல எடுக்கலாமான்னு என்னையப் பாக்குது. நான் என்னத்தச் சொல்ல, எடு சாமின்னேன். எடுத்துட்டு அம்மாக்காரி மொகத்தப் புடிச்சுத் திருப்பிச் சொல்லுது, "நான் சத்தமே போடலம்மா. இங்கனயே இருந்துக்கிடட்டா?"ன்னு.

முனீஸ்வரி அடிப்பான்னு நெனச்சேன், அடிக்கல. அழுவான்னு நெனச்சேன், அழுவல. புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, தொடச்ச தரையில அப்படியே உக்காந்துட்டா. தலையெல்லாம் நூலுப் பிசிறு. வெளிய நின்னு அத்தன தடவ கூப்புட்டாளே, அது உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்குது. பேசினா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு பேசாம இருந்திருக்குது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லு.

ஆனா அடுத்த நாளு பாரு, கம்பெனி முழுக்க என்ன பேச்சு தெரியுமா? ஆயாம்மா புள்ளைய உள்ள வெச்சுப் பூட்டிட்டாளாம்! நான் பூட்டினனாம்! தெனமும் வூட்டுக்குள்ள விட்டுக் கொண்டி மாட்டறது ஆரு? ஒருத்தரு கேக்கல. எச்.ஆர். சாரு என்னையும் ஏசினாரு, அவளையும் ஏசினாரு. இனிமே நம்ம ஆளுங்க புள்ளைகளே வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. இப்பப் பையரு வந்தா, டவுன்ல ஒரு நர்சரியில இருந்து வேன்ல புள்ளைக வருது. வாடகைக்கு வண்டி எடுக்கற மாதிரிதான். வந்து உக்காந்துட்டு, போட்டோ முடிஞ்சதும் போயிரும். கஷ்டமே இல்ல.

அட, மொகம் ஏன் சுருங்குது? உன்ற புள்ளைய விட முடியாதேன்னா? அத வேலைக்குச் சேந்த பொறவு பாத்துக்கலாம் கண்ணு. ஏதோ ஒரு வழி இருக்கும். எல்லாரும் என்ன, புள்ளையத் தண்ணியிலயா போட்டுட்டாங்க?

நிரஞ்சனாவ அவ ஊருக்குத் தாட்டி விட்டுட்டா. அண்ணன் பொண்டாட்டிகிட்ட இருக்குது. கூட்டிட்டுப் போற அன்னைக்குக் கேட்டுக்கு வந்தாங்க, வேலைய விடாம லீவு மட்டும் சொல்றதுக்கு. நான் படி கூட்டிட்டு இருந்தேன். புள்ள அம்மாக்காரி கைய உட்டுட்டு எங்கிட்ட ஓடியாந்து, காதுல சொல்லுது, "ஆயாம்மா, வெள்ளைக்காரங்க வந்தா எனக்குச் சொல்லி விடுங்க"ன்னு. சரி சாமின்னேன். பின்ன என்னத்தச் சொல்றது?

முனீஸ்வரி திரும்பி வந்து வேலை பாக்கறா. லாரிக்காரன நம்பி உக்கார முடியுமா? என்னையப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கறா. சாப்பாட்டு நேரத்துல கேட்டுக்கு வெளிய நின்னு ஊருக்குப் போனு போடுவா. புள்ள பேசறதில்லையாம். போன வாங்கிக் காதுல வெச்சுக்குமாம், மூச்சு மட்டும் கேக்குமாம். "ஒரு வார்த்த பேசுடி, ஒரே ஒரு வார்த்த"ன்னு கெஞ்சிட்டு நிப்பா. பெல்லு அடிச்சாக் கண்ணத் தொடச்சிட்டு உள்ள வந்துருவா. நான் டீ வாங்கப் போறப்பத் தெனமும் பாக்கறேன். ஒரு நாளு கிட்டப் போயி, நான் வேணா பேசிப் பாக்கட்டுமான்னு கேக்கலாம்னு இருந்துது. நான் பேசுன்னு சொன்னா அது பேசிரும் கண்ணு. எனக்குத் தெரியும். ஆனா எப்படிப் போயிக் கேக்கறது? இடுப்புல கைய வெச்சு இழுத்தவ அவதான? அவளா வந்து கேக்கட்டும்னு விட்டுட்டேன்.

போன வாரங்கூடப் பையரு வந்தாங்க. வேன் புள்ளைக போனதும் ரூமத் தொடச்சேன். இப்பெல்லாம் பூட்டறதுக்கு முன்னாடி அந்தக் குட்டி வீட்டுக்கிட்ட மண்டி போட்டு உள்ள எட்டிப் பாத்துக்கறேன். எச்.ஆர். சாரு சொல்லியிருக்கறாரு, அதனாலதான். ஆரும் இல்ல. இல்லைன்னு தெரிஞ்சும் சித்த நேரம் அப்படியே குனிஞ்சு பாத்துட்டு இருந்தேன். எந்திரிக்கவே மனசு வரல. அப்பறம் துணியப் போத்திப் பூட்டிட்டேன். வேற என்ன பண்றது?

இந்தா, வந்துருச்சு. அந்த நீலக் கேட்டுதான். எந்திரி, எந்திரி, நிக்க மாட்டான் இவன். புள்ளைய என்ற கையில குடு, நீ பையத் தூக்கிக்கிட்டு மெதுவா எறங்கு. நான் பாத்துக்கறேன், குடு.

வா சாமி, வா. பாரு, புது மொகம், ஒரு சிணுங்கல் இல்ல. வந்ததுல இருந்து நானும் பாக்கறேன், வாயே தொறக்கல. அப்படித்தான் இருக்கோணும். எங்க ரூமுக்குன்னே பொறந்த புள்ள கண்ணு இது.